கலியாணக் கணக்கு: கடனில்லாமல் ஒரு மங்கல நாள்

தோட்டத்தில் கலியாணப் பேச்சு முற்றானால் அடுத்த கிழமையே செலவு தொடங்கிவிடுகிறது. பரிசம் போடப் போக வான், பார்க்க வரும் உறவுக்குச் சாப்பாடு, சேலைக்கு முற்பணம், மண்டபத்துக்கு முற்பணம் என்று, வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து பேசும் முன்பே பாதிக் காசு கைமாறியிருக்கும். மிச்சத்துக்குக் கடன் வாங்குவார்கள். பந்தல் பிரித்த பிறகு வட்டி ஆரம்பிக்கும். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் இரண்டு பிள்ளைகள் முதல் வருடச் சம்பளத்தை அந்த வட்டிக்கே கொடுத்துத் தீர்ப்பதை இறம்பொடை, புசல்லாவை, லபுக்கலைப் பக்கங்களில் வாழும் எவரும் பார்த்திருப்பார்கள். இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான்: முதலில் கணக்கு, பிறகு பரிசம்.

வீட்டில் ஒருவர் கொழுந்து எடுக்கலாம், ஒருவர் நுவரெலியா மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகலாம், ஒருவர் கொழும்புக் கடையொன்றில் நிற்கலாம். வருமானம் எங்கிருந்து வந்தாலும் கீழே உள்ள முறை பொருந்தும்.

1. இலட்சத்தில் எண்ணாதீர்கள், பேரில் எண்ணுங்கள்

"ஒரு மூணு இலட்சம் ஆகும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தொகையைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் பேராக, அதாவது ஒரு முழுநாள் வேலையாக, மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2026 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபா, அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா, ஆக 1,750 ரூபா என்று 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அதாவது 124 ரூபா. சங்கச் சந்தா போன்ற சில்லறைக் கழிவுகளும் போனால், ஒரு பேருக்குக் கையில் 1,600 ரூபா என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கு எளிது. 16,000 ரூபா என்றால் 10 பேர். 1 இலட்சத்து 60 ஆயிரம் என்றால் 100 பேர். அந்த "மூணு இலட்சம்" 188 பேர். மாதம் 20 பேர் விழும் ஒருவர், ஒரு சதமும் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல், ஒன்பது மாதத்துக்கு மேல் மலையேறினால்தான் அது சேரும். கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் விழும் மாதங்களை இதில் சேர்க்கவில்லை. மேடை அலங்காரத்துக்கு 80,000 கேட்கிறார்கள் என்றால், "இந்தப் பூவுக்கு அம்மா 50 நாள் கூடை சுமக்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு தானாக வந்துவிடும்.

நாட்சம்பளம் இல்லாதவர்கள் மாதச் சம்பளத்தை வேலை செய்யும் நாட்களால் பிரித்துத் தங்கள் பேரின் மதிப்பைக் கண்டுகொள்ளலாம்.

2. கையில் இருப்பது மட்டுமே வரவு

ஒரு கொப்பியை எடுங்கள். இரண்டு வீட்டாரும் ஒரே கொப்பியில் எழுதினால் மிக நல்லது. வலப்பக்கம் செலவு, இடப்பக்கம் வரவு. வரவில் எழுதக்கூடியவை மூன்று: வங்கியிலும் உண்டியலிலும் இன்று இருக்கும் காசு, கலியாண நாளுக்குள் மாதாமாதம் உறுதியாக ஒதுக்கக்கூடிய காசு, முறைக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொண்ட பொறுப்புகள்.

எழுதக் கூடாதவையும் மூன்று. வரப்போகிற மொய் வரவு ஆகாது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி "அனுப்புறேன்" என்றது, காசு வந்து சேரும்வரை வரவு ஆகாது. தீபாவளி முற்பணமும் வரவு ஆகாது. அது பின்னால் சம்பளத்தில் மாதாமாதம் கழியும் உங்கள் சொந்தக் காசு.

சீட்டுக் கட்டுகிறவர்கள் எந்த மாதம் கை விழும் என்று தெரிந்த பிறகே எழுதுங்கள். ஏலச் சீட்டில் தள்ளி எடுத்தால் தள்ளிய தொகை போக மிச்சமே உங்களுடையது. குலுக்கல் சீட்டும், நெடுநாள் அறிந்த சீட்டுக்காரரும் கலியாணக் காசுக்குப் பாதுகாப்பானவை.

இன்னொரு பணம் பலருக்கு நினைவுக்கு வரும். கலியாணத்துக்காக வேலையை விட்டு விலகும் பெண் தன் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்தப் பணத்துக்காக வேலையை விட வேண்டாம் என்று பெண்பிள்ளைகளை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் விருந்துக்காக முதுமையின் சேமிப்பையும் மாதச் சம்பளத்தையும் ஒன்றாக இழப்பது பெரிய நட்டம்.

3. ஒரு மாதிரிக் கணக்கு

தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, லய முற்றத்தில் பந்தல் போட்டு, 200 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு கொடுக்கும் கலியாணத்துக்கு, இரண்டு வீட்டாரும் சேர்ந்து 4 இலட்சம் ரூபா ஒதுக்குகிறார்கள் என்று கொள்வோம். பேர்க் கணக்கில் 250. அதை இப்படிப் பிரிக்கலாம்:

• சாப்பாடு: 70 பேர் (1,12,000 ரூபா)
• தாலி: 60 பேர் (96,000)
• கூறைச் சேலை, வேட்டி, வீட்டார் உடுப்பு: 30 பேர் (48,000)
• ஐயர், மேளம்: 20 பேர் (32,000)
• பந்தல், கதிரை, பூ, மாலை: 15 பேர் (24,000)
• படம், வீடியோ: 15 பேர் (24,000)
• வான்: 10 பேர் (16,000)
• அழைப்பிதழ், விவாகப் பதிவு: 5 பேர் (8,000)
• அவசரத்துக்கு: 25 பேர் (40,000)

இது மாதிரிதான். விலைகளை உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டை மாற்ற வேண்டாம். ஒன்று, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்குவது. மற்றது, ஒரு வரி கூடினால் வேறொரு வரியைக் குறைப்பது. வீடியோவுக்கு 10 பேர் கூடுதலாக வேண்டுமென்றால் அந்தப் பத்து உடுப்பிலிருந்தோ பூவிலிருந்தோ வர வேண்டும். மொத்தம் 250ஐத் தாண்டக் கூடாது.

இரண்டு வீட்டிலும் சேர்த்து உழைப்பவர்கள் நால்வர், ஒவ்வொருவரும் மாதம் 4 பேரை ஒதுக்குகிறார்கள் என்றால், மாதம் 16 பேர் சேரும். 250 பேர் சேர 16 மாதம் ஆகும். பேச்சு முற்றாகி 16 மாதத்துக்குப் பிறகு முகூர்த்தம் வைத்தால் கடனே தேவையில்லை. "அவ்வளவு நாள் பொறுக்க முடியாது" என்று பெரியவர்கள் சொன்னால், எட்டு மாதத்தில் 125 பேருக்குள் அடங்கும் கலியாணத்தைத் திட்டமிடுங்கள். நாளும் செலவும் ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

4. எது இல்லாமல் கலியாணம் ஆகாது?

செலவைக் குறைக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும். தமிழ்நாட்டில் அண்ணாதுரை ஆட்சியில் வந்த 1967ஆம் ஆண்டு இந்துத் திருமணத் திருத்தச் சட்டம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அந்தத் திருமணம் செல்லும். அந்த முறையில் மணந்து நிறைவாக வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். எல்லாரும் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கலியாணத்துக்கு உயிரானது எவ்வளவு சிறியது என்பதை அந்தச் சட்டம் காட்டுகிறது.

நம் நாட்டில் பொது விவாகம் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படுகிறது. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, அது பதிவாகி 12 நாட்கள் கழிந்தபின் பதியலாம். அவசரமாக விசேட அனுமதி பெறுவதற்கும் பதிவாளரைப் பந்தலுக்கே வரவழைப்பதற்கும் கட்டணம் கூடும். ஆகவே முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்து, பதிவாளரின் அலுவலகத்துக்கே போய்ப் பதியுங்கள். பிறப்புச் சான்றிதழ்களிலும் அடையாள அட்டைகளிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எழுத்துப்பிழை திருத்த நாளாகும். பதிவை மட்டும் செலவுக் குறைப்பில் தள்ளிப்போட வேண்டாம். பின்னாளில் பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கும் மனைவியின் உரிமைக்கும் அந்தச் சான்றிதழ்தான் துணை.

5. தங்கம்

கணக்கை உடைக்கும் முதல் பொருள் இதுதான். 2025 அக்டோபரில் 22 கரட் தங்கம் பவுண் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. ஒரு பவுணுக்கு ஏறக்குறைய 190 பேர். "அஞ்சு பவுண் போட்டு அனுப்பணும்" என்று அந்தக் காலத்துப் பேச்சை இன்றும் பேசினால், அது ஒருவருடைய நாலு வருட உழைப்பு.

தாலிக்கு மட்டும் தங்கம் வாங்குங்கள். பொட்டைக் கால் பவுணுக்குள் செய்து மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டலாம். கொடியைப் பின்னால் வசதி வரும்போது செய்துகொள்ளலாம். அம்மாவின் பழைய தோடோ மோதிரமோ இருந்தால் அதைக் கொடுத்து மாற்றினால் பொட்டுக்கான தங்கம் கிடைக்கும். கம்பளையிலோ நுவரெலியாவிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ எங்கே வாங்கினாலும், அன்றைய பவுண் விலை, கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாக பில்லில் எழுதச் சொல்லுங்கள். படத்துக்கு நகை நிறையத் தெரிய வேண்டுமென்றால் கவரிங் போதும். அடகுக் கடையில் இருக்கும் நகையை ஒருநாள் போட வட்டிக்குக் காசு வாங்கி மீட்பதும், மறுகிழமை திரும்ப வைப்பதும் இரண்டு பக்கத்திலும் நட்டம்.

சீதனத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலையகத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொண்டுவருவது பழைய வழக்கம். இப்போது சில வீடுகளில் பெண் வீட்டாரிடம் காசும் மோட்டார் சைக்கிளும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காகக் கணக்கைத் திருத்த வேண்டாம். சம்பந்தத்தையே மறுபடி யோசியுங்கள்.

6. சாப்பாடும் ஊர் உழைப்பும்

முந்திய தலைமுறையின் கலியாணங்கள் சிக்கனமாக நடந்ததற்குக் காரணம் விலைவாசி மட்டுமல்ல. லயமே சேர்ந்து உழைத்தது. முதல்நாள் இரவு பெண்கள் மரக்கறி வெட்டினார்கள். இளைஞர்கள் விறகு சுமந்தார்கள், பந்தக்கால் நட்டார்கள், தண்ணீர் இழுத்தார்கள். கைபழகிய ஒருவர் அண்டாவுக்கு முன் நின்றார். இன்று மண்டபமும் சமையல் ஒப்பந்தமும் வந்தபின், அந்த உழைப்பு முழுவதையும் காசு கொடுத்து வாங்குகிறோம். செலவு ஏறிய பெரும் வழி இதுதான்.

ஆகவே கொப்பியில் மூன்றாவது பக்கம் ஒன்று வையுங்கள். அதில் காசு எழுத வேண்டாம், ஆட்களை எழுதுங்கள். சமையலுக்கு யார், பரிமாற யார், பாத்திரம் எங்கிருந்து, கதிரை எந்தக் கோயில் கமிட்டியிடம், ஒலிபெருக்கி யாரிடம் என்று எழுதி ஒவ்வொருவரையும் நேரில் போய்க் கேளுங்கள். முற்றத்திலோ தோட்டத்துப் பொது இடத்திலோ பந்தல் போடத் துரையிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உதவியவர்களின் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். இந்தக் கடன் மட்டும் எவ்வளவு வைத்தாலும் குடும்பத்தை அழிக்காது.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பொருளியலாளர்களான ஆன்ட்ரூ பிரான்சிஸும் ஹியூகோ மியலோனும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மணமானவர்கள் 3,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டுப் பார்த்தார்கள். கலியாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களிடையே மணமுறிவு கூடுதலாகவும், அதிகம் பேர் வந்து வாழ்த்திய கலியாணங்களில் குறைவாகவும் இருந்தது. அந்த நாட்டின் நிலைமை வேறு என்றாலும், குறைந்த செலவில் நிறைந்த கூட்டம் என்பது நம் லயங்களுக்கு வெகுகாலமாகக் கைவந்த வழி. அதை விட்டுவிட வேண்டாம்.

சாப்பாட்டு வகைகளை மூன்று மாதம் முன்பே முடிவாக்காதீர்கள். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டது. அது விளையும் நுவரெலியா மாவட்டத்திலேயே பல வீடுகள் கரட் வாங்காமல் விட்டன. சோறு, பருப்பு, சாம்பார், அப்பளம், பாயசம் என்று அடிப்படையை நிச்சயித்துக்கொண்டு, இரண்டு கறிகளை அந்தக் கிழமைச் சந்தை விலை பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற கெடாத பொருட்களை மாதம் கொஞ்சமாக வாங்கி வைக்கலாம்.

படத்துக்கு ஒரு சொல். 109 மீற்றர் உயரமான இறம்பொடை நீர்வீழ்ச்சி நம் வாசலில் விழுகிறது. அதன் முன்னால் நின்று படம் எடுக்க வெளியூர் ஜோடிகள் வான் பிடித்து வருகிறார்கள். ஊர்ப்பிள்ளைகள் வேறெங்கும் போகத் தேவையில்லை.

7. மொய்

மொய் அன்பளிப்பாக வரும், திருப்பிச் செய்யும் கடமையாகத் தங்கும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே நடத்தி, வட்டியில்லாக் கடன்போல் பணம் திரட்டுகிறார்கள். வாங்கியவர் அடுத்தவர் விருந்தில் கூட்டித் திருப்ப வேண்டும். நம் மொய்யும் அளவில் சிறியதாய் அதே கடமையைச் சுமக்கிறது.

ஆகவே மொய்யை நம்பிச் செலவைக் கூட்டாதீர்கள். மொய் எழுத நிதானமான ஒருவரை உட்கார வையுங்கள். பெயர், தோட்டம், டிவிசன், தொகை நான்கும் தெளிவாக இருக்கட்டும். அந்தப் பணத்தைத் தம்பதியின் பெயரில் வங்கியில் போடுங்கள். புதுக் குடித்தனத்துக்கு அடுப்பு, பாத்திரம், கட்டில் வாங்க அது உதவும். மொய்க் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பத்து வருடத்துக்கு யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

8. மாதமும் மழையும்

ஆனி முகூர்த்தம் தென்மேற்குப் பருவமழைக்குள் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் மலைச்சரிவில் மண் இளகியிருக்கும் காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவுகளை உண்டாக்கி, வீதிகளை மூடி, உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. முடிந்தால் தை, மாசியில் நாள் பாருங்கள். மழை குறைவு, பந்தலுக்குத் தகரக் கூரை போடும் செலவும் மிச்சம். மழைக் காலத்தில்தான் நாள் அமைகிறதென்றால், முற்பணம் கொடுக்கும் இடங்களில் வீதி மூடினால் வேறு திகதி தருவார்களா, பணம் திரும்புமா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு ஒதுக்கிய 25 பேர் இதற்கும் சேர்த்துத்தான்.

9. கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

நூற்றுக்கு மாதம் பத்து வட்டிக்கு ஒரு இலட்சம் வாங்கினால், வட்டி மட்டுமே மாதம் 10,000 ரூபா. ஆறு பேருக்கு மேல் ஒவ்வொரு மாதமும் போகும், முதல் அப்படியே நிற்கும். பத்து மாதத்தில் வாங்கிய அளவு வட்டியே கட்டியிருப்பீர்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் கிழமைக் கடனில் தவணை சிறிதாகத் தெரியும். ஆனால் ஒருவர் தவறினால் குழுவிலுள்ள பெண்கள் எல்லாரும் பொறுப்பேற்க வேண்டி வரும். கலியாணத்துக்காக அதற்குள் போகவே வேண்டாம்.

தவிர்க்க முடியாத நிலையில் மூன்று கட்டுப்பாடுகள்: தொகை 50 பேருக்குள் இருக்க வேண்டும். பத்து மாதத்துக்குள் முடிய வேண்டும். வாங்குவது யார், திருப்புவது யார் என்று கலியாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் மறைத்து வாங்கிய கடன்தான் பின்னால் சம்பந்திகளுக்குள் மனக்கசப்பாக வெடிக்கிறது.

10. பெரியவர்களிடம் சொல்வது எப்படி?

கணக்குப் போடுவதைவிடக் கடினமானது இதுதான். "ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள்தான் பதில் சொல்ல வேண்டும். மணமகளே முன்வந்து, "அப்பா, எனக்கு மண்டபம் வேணாம். நம்ம கோயில்லயே தாலி கட்டுவோம். அந்தக் காசுல காம்பராவுக்குப் பின்னால ஒரு அறை எடுத்துக் குடுங்க" என்று கேட்டால், எந்தத் தகப்பனும் மனம் கரைவார். தாய்மாமனிடம், "மாமா, சீரு பெருசா வேணாம். ஐயருக்கும் மேளத்துக்கும் நீங்க பொறுப்பெடுத்துக்கங்க. பந்தியில முன்னால நின்னு கவனிச்சுக்கங்க" என்று சொல்லுங்கள். அவருக்கு மரியாதையும் கூடும், கணக்கில் 20 பேரும் மிச்சமாகும். பெரியவர்கள் கேட்பது முக்கியமான இடம்தான். அதைக் காசில்லாமல் கொடுக்க முடியும்.

இந்த அத்தியாயத்தை மூடியதும் செய்ய வேண்டியது: ஒரு கொப்பி வாங்குங்கள். வரவு, செலவு, ஆட்கள் என்று மூன்று பக்கம் பிரியுங்கள். வருகிற சம்பள நாளன்று இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து முதல் வரியை எழுதுங்கள். எத்தனை வகைக் கறி பரிமாறினோம் என்பதை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிடும். தாலி கட்டிய மறுநாள் அந்தப் பிள்ளைகள் பெயரில் ஒரு சதமும் கடன் இல்லையென்றால், அதுவே தோட்டத்தில் நடந்த சிறந்த கலியாணம். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படியொரு கலியாணத்தைச் செய்து வையுங்கள்.